கணினி மாற்றமும் பாட மாற்றமும்: தமிழ் ஆய்வுக் கோப்புகளைப் புதிய மேசைக் கணினிக்குக் கொண்டுசெல்வதில் எழும் குறியாக்கச் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

பழைய மேசைக் கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறுவோர், மென்பொருள் இயங்குகிறதா, கோப்பு திறக்கிறதா என்னும் இரண்டு வினாக்களோடு பெரும்பாலும் சோதனையை நிறுத்திக்கொள்கின்றனர். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகள், சொல்லடைவுகள், பதிப்புப் படிகள் ஆகியவற்றிற்கு இச்சோதனை போதாது. கோப்பு திறந்தும் பாடம் திரிந்திருக்கலாம். அத்திரிபுகள் எங்கே, எவ்வாறு நேர்கின்றன, அவற்றுள் இலக்கண விதியால் களையத்தக்கவை எவை, படிப்பவர் கண்ணால் மட்டுமே களையத்தக்கவை எவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: குறியாக்கம், ஒருங்குறி, பாமினி, எழுத்துரு, பாட வேறுபாடு, தொடரடைவு, பொருத்தப்பாடு.

முன்னுரை

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆஃபிஸ் 2016, 2019 ஆகிய தொகுப்புகளுக்கான ஆதரவும் அதே நாளில் நின்றது. அடுத்த இயங்குதளமான விண்டோஸ் 11, 64 பிட் செயலியையும் ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்பு உறுப்பையும் கட்டாயமாக்குகிறது. ஆகவே பழைய கணினியில் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும் வழி பலருக்கு அடைபட்டுவிட்டது. கணினியையே மாற்றியாக வேண்டும்.

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவோர்க்கு இம்மாற்றம் பெரும்பாலும் ஒரு நாள் வேலை. கோப்புகளைப் படியெடுத்து, மென்பொருளை நிறுவி, உரிம எண்ணை உள்ளிட்டால் முடிந்தது. தமிழ்த்துறைகளின் நிலை வேறு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தமிழ் ஒரே முறையில் கணினியில் சேமிக்கப்படவில்லை. ஒரே ஆய்வாளரின் ஒரே கோப்புறையில் இளமுனைவர் பட்ட ஆய்வேடு பாமினியிலும், கருத்தரங்கக் கட்டுரை வானவில்லிலும், அண்மைக் கட்டுரைகள் ஒருங்குறியிலுமாக இருப்பது இயல்பு. இவை அனைத்தும் திரையில் தமிழாகவே தோன்றியதால் வேறுபாடு கருதப்படவில்லை. கணினி மாறும் நாளில்தான் அது வெளிப்படுகிறது.

கோப்பில் இருப்பது எது?

‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டுச் சேமித்தால், கோப்பில் பதிவது தமிழ் எழுத்து அன்று. ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் பதிகின்றன. ஜே என்னும் குறியிடத்தில் தகரத்தின் வடிவத்தையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியையும் வரைந்துவைத்திருப்பது எழுத்துருவின் வேலை. எழுத்துருவை நீக்கினால் ஆங்கிலம் எஞ்சும். கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பு என்றுமே தமிழாக இருந்ததில்லை.

எழுத்துருவுக்கு எழுத்துரு குறியிடங்கள் மாறியதால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்கப் பல முயற்சிகள் நடந்தன. இணைய மடற்குழுக்களின் விவாதத்தில் உருவான திஸ்கி ஒன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளை வழங்கிய வடிவங்களுள் அது குறிப்பிடத்தக்கது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி, ‘டேப்’ என்னும் இருமொழிக் குறியாக்கமும் ‘டேம்’ என்னும் ஒருமொழிக் குறியாக்கமும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. 2010 ஜூனில் ஒருங்குறியையும், அது இயலாத இடங்களில் ‘டேஸ் 16’ குறியாக்கத்தையும் தரமாக அறிவித்து அரசாணை வெளிவந்தது. ஒவ்வொரு தீர்வும் வந்தபோது, அதற்கு முன் எழுதப்பட்டவை பழைய குறியாக்கத்திலேயே தங்கிவிட்டன. தரப்பாடு மாறும் வேகத்திற்குக் கோப்புகள் மாறவில்லை.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. குறியெண் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்குரியவை. அவற்றுள் 72 நிரம்பியுள்ளன. மைக்ரோசாஃப்ட் இயங்குதளங்களுள் விண்டோஸ் 2000-த்தில்தான் தமிழ் ஒருங்குறி லதா எழுத்துருவோடு முதலில் இடம்பெற்றது. இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது வரிசை முறை. பழைய எழுத்துருக்கள் கண்ணில் தோன்றும் வரிசையில் சேமித்தன. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னும் வரும். ஒருங்குறி ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. ககரம் முதலிலும் எகரக்குறி பின்னும் வரும். ஆகவே குறியாக்க மாற்றம் என்பது ஒன்றுக்கு ஒன்று இடம் மாற்றும் எளிய வேலையன்று. கொம்பு எந்த மெய்யைச் சார்ந்தது, துணைக்கால் கொம்போடு சேர்ந்து ஒகரமாகிறதா, தனித்து ஆகாரமாகிறதா என ஒவ்வோரிடத்தும் மாற்றுக்கருவி முடிவெடுக்கிறது. ஏடு பெயர்த்தெழுதுவோன் செய்த வேலையும் இதுவே.

இலக்கணத்தால் களையத்தக்க திரிபு

ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட தமிழ்க் கோப்புகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை ரகர மெய்யைச் சார்ந்தது. துணைக்காலின் மேல் புள்ளி வைத்து ‘ர்’ எழுதும் பழக்கம் தட்டச்சு மரபிலிருந்து கணினிக்கு வந்தது. பாமினியில் ‘அவர்’ என்பதை அவ்வாறே பலர் தட்டச்சிட்டனர். துணைக்காலுக்குத் துணைக்கால், புள்ளிக்குப் புள்ளி என அப்படியே மாற்றும் கருவி அதனை ‘அவா்’ என்று தருகிறது. ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசிாியா்’ ஆகிறது. பல எழுத்துருக்களில் இவ்விரு வடிவங்களையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். மெய்ப்புத் திருத்துவோர் இதைக் கடந்து சென்றுவிடுவர். கணினி கடப்பதில்லை. அதற்கு ரகரம் 2992, துணைக்கால் 3006. ‘அவர்’ என்று தேடினால் ‘அவா்’ கிடைக்காது.

ஓலைச்சுவடிகளில் ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லாமை பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த இடர். சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தபோது தீர்க்கப்பட்ட அச்சிக்கல், அச்சிலிருந்து கணினிக்கு வந்தபோது மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுவடியில் புள்ளியும் இல்லாததால் ஐயம் இருபுறமும் திறந்திருந்தது. இங்கோ புள்ளி இருக்கிறது. துணைக்கால் ஓர் உயிர்க்குறி; உயிர்க்குறியின் மேல் மெய்ப்புள்ளி ஏறுவதற்குத் தமிழ் எழுத்திலக்கணத்தில் இடமில்லை. துணைக்காலை அடுத்து இகர, ஈகரக் குறிகளும் வரா. எனவே துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வருமிடமெல்லாம் ‘ர்’ எனவும், துணைக்காலும் இகரக்குறியும் வருமிடமெல்லாம் ‘ரி’ எனவும், ஈகரக்குறி வருமிடமெல்லாம் ‘ரீ’ எனவும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ‘காா்’ என்று கால் இரட்டித்து நிற்கும் இடத்திலும் இவ்விதி பிழையின்றிக் ‘கார்’ என்றே தரும்.

ஒகர, ஓகார வரிசைகளில் எழும் சிக்கல் இதனினும் நுட்பமானது. ஆனால் தீர்வு எளிது. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக்குறியை 3018 என்னும் ஒற்றைக் குறியாகவும், 3014, 3006 என்னும் இரு குறிகளாகவும் சேமிக்க முடியும். இரண்டும் ஒன்றே என ஒருங்குறித் தரப்பாடு கூறினும், எளிய தேடுபொறிகள் அவற்றை வேறெனக் கொள்ளும். ஒருங்குறி வகுத்துள்ள இயல்பாக்க முறையைக் கோப்பு முழுவதற்கும் ஒருமுறை செலுத்தினால் இவ்வேறுபாடு மறையும்.

படிப்பவரால் மட்டுமே களையத்தக்க திரிபு

ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம். பழைய எழுத்துருக்கள் பல இரண்டிற்கும் ஒரே குறியிடத்தைப் பயன்படுத்தின. ஆகவே கொம்பு, வகரம், ளகர வடிவம் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் பழைய கோப்பில், அது ‘வௌ’ என்னும் ஓரெழுத்தா, ‘வெள’ என்னும் ஈரெழுத்தா என்பது குறியெண்ணால் தெரியாது. எல்லாவற்றையும் ஔகாரமாகக் கொள்ளும் கருவி ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ ஆக்கும். எல்லாவற்றையும் ளகரமாகக் கொள்ளும் கருவி ‘கௌதமன்’ என்பதைக் ‘கெளதமன்’ ஆக்கும். இதே காரணத்தால் ‘ஔவையார்’ நூலகப் பட்டியல்களில் ‘ஒளவையார்’ ஆகிறார். இயல்பாக்க முறை இங்கு உதவாது. இவை குறியாக்க அளவில் உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துத்தொடர்கள்.

ளகரத்தின்மீது புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது எழுத்தே எனக் கொள்ளலாம். ‘வெள்ளம்’, ‘வெளி’ ஆகியன இவ்விதியால் மீளும். ளகரம் வெறுமனே நிற்குமிடத்தில் விதி முடிகிறது. ‘வெளவால்’ என்று கிடைப்பதை ‘வௌவால்’ எனத் திருத்துவது சரி. ஆனால் வட்டார வழக்குப் புனைகதையில் ‘விளக்கு’ என்பதன் பேச்சு வடிவமாக வரும் ‘வெளக்கு’ என்னும் சொல்லை அதே விதி ‘வௌக்கு’ எனச் சிதைக்கும். கரிசல் வட்டார வழக்கை ஆராயும் ஒருவர் மாற்றிய கோப்பிலிருந்து சொற்பட்டியல் எடுப்பாராயின், எந்த ஊரிலும் வழங்காத ஒரு சொல் அவர் பட்டியலில் இடம்பெறும். இங்கே கருவி தோற்கவில்லை. அதற்குக் கொடுத்த மூலத்திலேயே விடை இல்லை. மொழியறிந்த ஒருவர் தொடரைப் படித்தே முடிவுசெய்ய வேண்டும்.

ஆங்கிலப் பகுதிகள் விரவிய ஆய்வேடுகளில் வேறொரு திரிபு நேர்கிறது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் குறியிடத்தில் இருப்பது ‘இ’. தமிழ்க் காற்புள்ளி வேறோர் இடத்தில் உள்ளது. எழுத்துரு எது என்று பாராமல் கோப்பு முழுவதையும் மாற்றும் கருவி, துணைநூற்பட்டியலின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்துக் குவியலாக்கி, அவற்றிடையே காற்புள்ளி தோறும் ஓர் இகரத்தை நடும். பகுதி பகுதியாக எழுத்துருவை நோக்கி மாற்றும் கருவிகளே ஆய்வேட்டிற்கு ஏற்றவை. வெறும் உரையை ஒட்டி மாற்றும் கருவிகள் சிறு பகுதிகளுக்குப் போதும். ஆனால் அடிக்குறிப்பு, சாய்வெழுத்து ஆகியவற்றை அவை இழந்துவிடும்.

இவை அனைத்தினும் அஞ்சத்தக்கது, திரிந்த பின்னும் இலக்கண வழுவின்றி நிற்கும் சொல். பழைய கணினியில் பாமினியைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் வேர்டு மென்பொருளின் தானியங்கித் திருத்த வசதியை முதல் நாளே நிறுத்தி வைத்திருப்பர். நிறுத்தியதை மறந்தும் இருப்பர். புதிய கணினியில் அவ்வசதி இயல்பாகவே செயல்நிலையில் வருகிறது. வாக்கியத்தின் முதலெழுத்தை ஆங்கிலப் பேரெழுத்தாக மாற்றுவது அதன் பணிகளுள் ஒன்று. பாமினியில் எம் என்னும் சிற்றெழுத்து ‘அ’; அதன் பேரெழுத்து ‘ஆ’. பழைய ஆய்வேட்டைப் புதிய கணினியில் திறந்து, வாக்கிய முதலில் ‘அவர்’ என்று புதிதாகத் தட்டச்சிட்டால் அது ‘ஆவர்’ ஆகிவிடும். ‘அவா்’ என்பது சொல்லன்று என்று கருவி காட்டிக்கொடுக்கும். ‘ஆவர்’ சொல்லாகவே இருக்கிறது. எந்தச் சொற்பிழை திருத்தியும் அதைக் காட்டாது.

எண்ணிக்கையும் அகரவரிசையும்

மேற்கண்ட திரிபுகள் வாசிப்போர்க்குச் சிறு இடையூறு. எண்ணுவோர்க்குப் பெரும் பிழை. சொல்லாட்சி எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட நடையியல் ஆய்வில் ‘அவர்’, ‘அவா்’ இரண்டும் தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். ஒரு நூலின் ஒரு பகுதி ஒருங்குறியிலேயே தட்டச்சாகி, மறுபகுதி பாமினியிலிருந்து மாற்றப்பட்டிருந்தால், ரகர ஈற்றுச் சொற்கள் இரு பகுதிகளிலும் வேறுபட்ட பரவலைக் காட்டும். அதைக்கொண்டு ஆசிரியர் வேறுபாடோ கால வேறுபாடோ முடிவு செய்வது, தட்டச்சு செய்தவரின் பழக்கத்தை நூலாசிரியரின் நடையாகக் கொள்வதாகும்.

தொடரடைவு மென்பொருளைப் புதிதாக நிறுவும்போது இன்னொன்றையும் நோக்க வேண்டும். ஒருங்குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ‘எழுத்து’ என்னும் வகையில் வைக்காமல் ‘குறி’ என்னும் வகையில் வைத்துள்ளது. எழுத்து வகையை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்ளும் மென்பொருள், ‘தமிழ்’ என்பதை இகரக்குறியில் முறித்து ‘தம’, ‘ழ’ என இரு சொற்களாக எண்ணும். ஆண்ட்கான்க் முதலிய மென்பொருள்களில் குறி வகையையும் சொல்லின் உறுப்பாகச் சேர்த்துக்கொள்ள அமைப்பு உண்டு. பழைய கணினியில் என்றோ செய்த அவ்வமைப்பு மென்பொருளோடு புதிய கணினிக்குத் தானே வராது.

அகரவரிசையும் இத்தகையதே. தமிழ் அகராதி மரபில் ‘அக்கம்’ முன்னும் ‘அகம்’ பின்னும் வரும். குறியெண் வரிசையில் புள்ளி 3021, மகரம் 2990. ஆகவே ‘அகம்’ முந்திவிடும். னகரம் நகரத்தை அடுத்தே 2985-இல் நிற்பதால் ‘ஆனை’ ‘ஆமை’க்கு முன் செல்லும். தமிழ் வரிசை விதியை அறிந்த மென்பொருள் இவற்றைச் சரியாக அடுக்கும். குறியெண்ணை மட்டும் நோக்கும் நிரல் அடுக்காது. பழைய கணினியில் ஒன்றும் புதியதில் மற்றொன்றுமாகப் பயன்படுத்திச் சொல்லடைவின் முற்பாதியையும் பிற்பாதியையும் வரிசைப்படுத்தினால், ஒரே நூலில் இரு அகரவரிசைகள் அமையும்.

எழுத்துருவும் பக்க எண்ணும்

ஒருங்குறியிலேயே எழுதியோரும் கணினி மாற்றத்தால் முற்றிலும் தப்புவதில்லை. லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் தமிழுக்குரிய துணை எழுத்துருத் தொகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டது. புதிய கணினியின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்கும் வரை அது இருப்பதில்லை. அதனிடத்தில் விண்டோஸ் 8-இல் அறிமுகமான நிர்மலா எழுத்துரு வந்து நிற்கும். எழுத்துகள் பிழையின்றித் தோன்றும். அகலம் மட்டும் மாறும். வரி மாறினால் பக்கம் மாறும். பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் கையால் எண்ணிட்டுத் தயாரித்த ஆய்வேட்டில், நூற்றுக்கணக்கான பக்க எண்கள் எவரும் தொடாமலே பிழையாகிவிடும். தீர்வு அரை நிமிட வேலைதான்: தமிழைச் சேர்த்து, லதா வந்துவிட்டதை உறுதி செய்த பின்னரே கோப்பைத் திறக்க வேண்டும்.

‘டைப் 1’ வகை எழுத்துருக்களின் நிலை இதனினும் கடினம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2013 முதல் விண்டோஸில் அவற்றை ஏற்பதில்லை. அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியோடு அவற்றுக்கான ஆதரவை நிறுத்தின. நூல்களையும் இதழ்களையும் பக்கம் அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அக்கோப்புகளை நேரடியாகத் திறக்கும் வசதி இன்டிசைன் ‘சிஎஸ்6’ வரையில்தான் இருந்தது. இன்று புதிய கணினியில் இன்டிசைனைச் சந்தா கட்டி நிறுவும் துறைக்குத் தன் பழைய இதழ்கள் திறவா.

பழைய மென்பொருளை ‘பொருந்துநிலை’யில் இயக்கினால் போதும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. அந்நிலை, மென்பொருளுக்குப் பழைய விண்டோஸின் சூழலை ஓரளவு போலச்செய்து காட்டுவதேயாகும். விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் எந்நிலையிலும் இயங்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. இந்திய மொழி அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் செருகும் பூட்டுக் கருவியை உரிமச் சான்றாகக் கொண்டவை. அது பழைய அச்சுப்பொறி வாயிலில் செருகுவதாயின், புதிய கணினிகளில் பெரும்பாலும் அவ்வாயிலே இல்லை.

தட்டச்சைப் பொறுத்தவரை கவலை குறைவு. விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகள் முதல் தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே உள்ளது.

பழைய கணினி இயங்கும்போதே செய்யத்தக்கவை

மாற்றத்தின் பெரும்பகுதி புதிய கணினியில் அல்லாமல் பழைய கணினியிலேயே நடைபெற வேண்டும் என்பது மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும். எழுத்துருவும் மென்பொருளும் உயிரோடிருக்கும் இடம் அதுவே. பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் சலுகை விற்பனைகள் இவ்வகையில் தமிழ் ஆய்வாளர்க்கு ஆகாதவை. இரு கணினிகளும் சில வாரங்களேனும் அருகருகே இருத்தல் வேண்டும்.

முதலில் செய்யத்தக்கது, ஒவ்வொரு கோப்பையும் எழுத்துருக்களை உட்பொதித்துப் பிடிஎஃப் வடிவில் எடுத்துவைத்தல். உட்பொதித்தலைத் தடுக்கும் எழுத்துருக்களும் உண்டு. அவற்றில் அமைந்த கோப்புகளைத் தாளில் அச்சிட்டுக்கொள்வது நலம். பிடிஎஃப் படியின் பயன் அதன் தோற்றத்தில் உள்ளது. அதன் உள்ளே இருக்கும் உரை பழைய குறியாக்கமே. படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளே வரும். சோத்கங்கா களஞ்சியத்திற்கு ஏற்றப்படும் ஆய்வேடு இத்தகைய பிடிஎஃப் ஆனால், தேடுவோர் எவர்க்கும் அது அகப்படாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் வேண்டும் கருத்துத் திருட்டுச் சோதனையிலும் மென்பொருள் ஒப்பிடுவது தமிழை அன்று. அந்த ஆய்வேட்டிலிருந்து எடுத்தாண்டவரும் பிடிபடார், எழுதியவரின் முன்னுரிமையும் பதிவாகாது. ஆயினும் மாற்றிய கோப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்படியாக அப்பிடிஎஃப்புக்கு இணையில்லை.

அடுத்தது சோதனைத் தாள். துறையில் புழங்கிய ஒவ்வொரு பழைய எழுத்துருவிலும் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் தமிழ் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் தட்டச்சிட்டு, அதனை முதலில் மாற்றுக்கருவியிற் செலுத்திப் பார்க்க வேண்டும். எந்தக் கருவி எந்த எழுத்தில் வழுவுகிறது என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். ‘ர்’, ‘ரி’ ஆகியவற்றைத் தட்டச்சு மரபு முறையிலும் ரகர விசையாலும் இருவகையாக இட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. ‘வெள்ளம்’, ‘வௌவால்’, ‘வெளக்கு’ என்னும் மூன்று சொற்களும் தாளின் இறுதியில் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் பிழையின்றி மாற்றும் கருவி அரிது. விளைவை மீண்டும் பழைய குறியாக்கத்திற்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிடுவது வேறொரு சோதனை. ஆனால் போகும்போது செய்த பிழையை வரும்போது கருவி தானே மறைத்துக்கொள்ளவும் கூடும் என்பதால், அதனை மட்டும் நம்புதல் தகாது.

மாற்றிய பின் ரகர விதிகளையும் இயல்பாக்கத்தையும் கோப்பு முழுவதற்கும் செலுத்தலாம். ஔகார இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்துத் திருத்த வேண்டும். ஓர் ஆய்வேட்டில் இவ்விடங்கள் மிகுதியாக இரா. வேலை சலிப்பூட்டுவது, ஆயினும் முடிக்கத்தக்கது. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய லை, ணை முதலியவற்றின் வடிவங்களை எழுத்துமாறாமல் எடுத்தாண்டுள்ள பதிப்பியல் ஆய்வுகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஒருங்குறியில் பழைய வடிவிற்கும் புதிய வடிவிற்கும் குறியெண் ஒன்றே. வேறுபாட்டைக் காட்டுவது எழுத்துரு. பழைய வடிவம் முக்கியமாகும் இடங்களைப் படமாக எடுத்துச் சேர்ப்பதே இப்போதைக்கு உறுதியான வழி. கல்வெட்டு, கணக்குச் சுவடி ஆய்வாளர்க்குரிய பின்ன எண்களும் அளவைக் குறிகளும் 2019-இல் ஒருங்குறி 12.0 பதிப்பில் தனித் தொகுதியாக, 51 குறிகளாக, சேர்க்கப்பட்டன. அவற்றைக் கொண்ட எழுத்துருவைப் புதிய கணினியில் தனியே நிறுவ வேண்டும்.

மாற்றிய கோப்போடு ஒரு குறிப்புக் கோப்பு இருத்தல் நன்று. மூலம் எந்த எழுத்துருவில் இருந்தது, எந்தக் கருவியால் எந்நாளில் மாற்றப்பட்டது, எவ்விதிகள் செலுத்தப்பட்டன, எவ்விடங்கள் கண்ணால் திருத்தப்பட்டன என்பன அதில் இடம்பெற வேண்டும். தாம் கண்ட ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பாசிரியர் முன்னுரையில் நிரல்படுத்துவது போன்றதே இது. மூலக் கோப்பை, மாற்றம் முடிந்தபின் அழிப்பதற்கு எக்காரணமும் இல்லை. இன்றைய வன்தட்டில் அதற்கு ஆகும் இடம் ஒரு நிழற்படத்தின் இடத்தினும் குறைவு. அதனோடு அதன் எழுத்துருக் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைக்க வேண்டும். எழுத்துரு இல்லாத பாமினிக் கோப்பு, எழுத்தறியார் கையிற் சிக்கிய சுவடி. இயலுமாயின் பழைய வன்தட்டை முழுமையாகப் படியெடுத்து, புதிய கணினிக்குள் மெய்நிகர் கணினியாக இயக்கலாம். உரிமத்தைப் பூட்டுக் கருவியில் வைத்த மென்பொருள்களுக்கு இவ்வழி பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

எவ்வாற்றானும் திறவாத பேஜ்மேக்கர் கோப்புகள் எஞ்சும். அவற்றுக்கு அச்சான இதழே மூலம். இதழை வருடி, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கலாம். எழுத்துணரியும் வடிவத்தை நோக்குவதே ஆதலால், ரகரத்தைத் துணைக்காலாகவும் ஔகாரக் குறியை ளகரமாகவும் அதுவும் மயங்கும். பாமினிக்குச் செய்த சோதனைகள் அனைத்தையும் அவ்வுரைக்கும் ஒருமுறை செய்ய வேண்டும்.